டேவிட் லீன்: கண்டதும் காணாததும்

கீழைநாடுகளின் மண்ணைத் தம் படங்களுக்குக் களமாக்கிக் கொண்ட பிரிட்டிஷ் இயக்குநர்களுள் டேவிட் லீன் தலையாயவர். இலங்கையின் காட்டையும், ஜோர்தானின் பாலையையும், கருநாடகத்தின் பாறைக் குன்றுகளையும் அவருடைய திரையில் உலகம் வியந்து கண்டது. அவரைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம்; அப்புகழ் பெரும்பாலும் தகுதியானதே. ஆயினும், அந்த மண்ணுக்குரிய மனிதர்களுக்கு அவர் படங்களில் கிடைத்த இடம் யாது என்ற வினாவை நாம் எழுப்பியாக வேண்டும்.

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் க்ராய்டன் நகரில் பிறந்தார் லீன். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்த அவரது குடும்பத்தில் திரைப்படம் பார்ப்பது விலக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை 1927-இல் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் தேநீர் கொண்டு கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, அடுத்த பத்தாண்டுகளில் தேர்ந்த படத்தொகுப்பாளராக உயர்ந்தார். 1942-இல் நோயல் கவர்டுடன் இணைந்து இயக்குநரானார். டிக்கன்சின் இரு நாவல்களை 1946-லும் 1948-லும் படமாக்கிப் பெயர் பெற்றார். ‘க்வாய் நதிப் பாலம்’ (1957), ‘அரேபியாவின் லாரன்ஸ்’ (1962) ஆகிய இரண்டும் தனித்தனியே ஏழு ஆஸ்கார் பரிசுகளை ஈட்டின. 1984-இல் சர் பட்டம் பெற்ற அவர், 1991-இல் காலமானார்.

அவருடைய வலிமை படத்தொகுப்பில் இருந்தது. எங்கே வெட்டுவது, எதை எதனோடு ஒட்டுவது என்பதை அவரளவு அறிந்தவர் சிலரே. லாரன்ஸ் ஒரு தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்த நொடியில் பாலைவனத்தின் அடிவானம் சிவந்து கதிரவன் எழுகிறான். இடையே ஒரு சொல்லும் இல்லை. கானல் நீரின் நடுவே ஒரு புள்ளியாகத் தோன்றி, மெல்ல மெல்ல ஒட்டகமும் மனிதனுமாக வளர்ந்து வரும் உமர் ஷரீபின் வருகையை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். இத்திறனைக் குறைத்துச் சொல்வது அநீதியாகும். ஆனால் வெட்டத் தெரிந்த அக்கை எதையெல்லாம் வெட்டி நீக்கியது என்று பார்ப்பதும் திறனாய்வின் கடமையே.

‘க்வாய் நதிப் பாலம்’ பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் படையினர் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக ஒரு பாலம் கட்டுகின்றனர். அவர்களுடைய தளபதி, பகைவனுக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து, பாலத்தின் சிறப்பில் மயங்கிவிடுகிறார். இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றின்மீது மரப்பாலம் எழுப்பி, அதைத் தகர்த்துக் காட்டினார் லீன். ஒரு தனிமனிதனின் செருக்கு எப்படிக் கடமையின் வேடம் பூணும் என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டிய படம் அரிது.

வரலாறோ வேறு. 1942-43 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த அப்பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களைப்போல் சில மடங்கினர். மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பெரிதும் வழங்கும் மதிப்பீடு. அவர்களுள் பல்லாயிரவர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழர்கள். கூலி தருவதாகச் சொல்லியும், வலிந்து பிடித்தும் சரக்கு வண்டிகளில் ஏற்றினர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா அவர்களை முகாம் முகாமாக வாரிச் சென்றது. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்க் கூலிகளுக்கோ பெயர்ப்பட்டியலும் முழுமையாக இல்லை. லீனின் படத்திலும் அவர்கள் இல்லை.

நமது இளையாத்தங்குடி நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களுள் ஒன்று. இவ்வட்டாரத்து வீடுகளைத் தாங்குவன பர்மாத் தேக்குத் தூண்கள். பர்மாவும் மலாயாவும் இங்கே பொருள் ஈட்டிய பூமி. 1942-இல் அனைத்தையும் இழந்து நடந்தே திரும்பியவர்களின் நினைவும் சேர்ந்த பூமி. அக்கரை வரலாறு நமக்குப் பிறர் கதையன்று.

‘இது கற்பனைக் கதைதானே’ எனச் சிலர் வினவலாம். மெய்தான். ஆனால் அக்கற்பனையின் ஆற்றலைப் பாருங்கள். உண்மைப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே க்ளாங். நாவலும் படமும் பெற்ற புகழால், 1960-களில் அப்பகுதிக்கு ‘க்வாய் யை’ என்று பெயரையே மாற்றினார்கள். ஆற்றின் பெயரை மாற்ற வல்ல கதை, மனிதர்களின் நினைவையும் மாற்ற வல்லதன்றோ? தளபதியின் சித்திரம் பொய்யென்று முன்னாள் பிரிட்டிஷ் கைதிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவர்களுக்கு ஏடுகள் இருந்தன. தோட்டத்துக் கூலியின் கைம்பெண்ணுக்கு எந்த ஏடு இருந்தது?

‘லாரன்ஸ்’ படத்திலும் இக்குறை உண்டு. அமீர் பைசலாக நடித்தவர் ஆங்கிலேயரான அலெக் கின்னஸ். திமிஷ்கைக் கைப்பற்றிய அரபிகள் ஒருவரோடொருவர் பூசலிட்டு, ஆளத் தெரியாமல் கலைந்து போவதாகப் படம் முடிகிறது. உண்மையில் பைசலின் ஆட்சி அங்கே 1920 ஜூலை வரை நடந்தது. அதைக் கவிழ்த்தது மைசலூனில் வென்ற பிரெஞ்சுப் படை. 1984-இல் வெளிவந்த ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ சற்று மேலானது. மருத்துவர் அஸீஸாக விக்டர் பானர்ஜி உயிருள்ள மனிதராக நிற்கிறார். பள்ளிவாசல் காட்சியில் மரியாதை இருக்கிறது. ஆயினும் பேராசிரியர் கோட்போலேயாக மீண்டும் அலெக் கின்னஸே வேடமிட்டார்.

அரபியில் ‘ஷாஹித்’ என்னும் சொல் உடனிருந்து கண்டவனையும், கண்டதை எடுத்துரைப்பவனையும் ஒருசேரக் குறிக்கும். லீன் காண்பதில் வல்லவர். எடுத்துரைப்பதில் தம் நாட்டவர்க்கே முதலிடம் தந்தார். அவருடைய படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்பதில் தவறில்லை. கலைநயம் கற்க அவை நல்ல பாடம். படம் முடிந்ததும் அதில் இல்லாதவர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோன உறவினர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் புறப்பட்ட ஆண்டையும் மூத்தவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.