எரிந்தவன் செய்த குற்றம் யாது? - காமன் கூத்தும் துன்பம் பற்றிய வினாவும்

துன்பம் யாவும் முன்செய்த குற்றத்திற்கான தண்டனைதானா என்னும் வினா சமயவியலாளர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியமும் கூத்தும் அதனை இடையறாது எழுப்பி வந்துள்ளன. தமிழ் மரபு இதற்கு வழங்கிய விடைகளுள் ஏட்டிலக்கியத்தில் உள்ளவையே இதுகாறும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. மலையகத் தோட்ட மக்கள் மாசி மாதத்தில் ஆடிவரும் காமன் கூத்தும் இவ்வினாவிற்கு ஒரு விடை தருகின்றது என்பதும், அவ்விடை ஏட்டு மரபிலிருந்து முக்கியமானதோரிடத்தில் விலகிச் செல்கின்றது என்பதும் நமது கருத்தாகும். கேகாலை மாவட்டத் தோட்ட மக்களின் வாழ்வை மனத்திற்கொண்டு அக்கருத்தினை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதலில் ஏட்டு மரபினை நோக்குவோம். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனின் பழம்பிறப்பை உரைக்கின்றது. சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் காட்டிக் கொலைப்படுத்திய பரதனே கோவலனாகப் பிறந்தான் என்பதும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே அவனைப் பற்றியது என்பதும் அத்தெய்வத்தின் கூற்று. இதனைக் கொண்டு இளங்கோவடிகள் துன்பம் அனைத்தையும் ஊழின்மேல் ஏற்றிவிட்டார் எனச் சிலர் முடிவு செய்வர். ஆனால் காப்பியத்தின் அமைப்பை நோக்குமிடத்து, அவ்விளக்கம் வருவதற்கு முன்னரே வழக்கு முடிந்துவிடுகின்றது என்பது புலனாகும். கண்ணகி வழக்குரைத்தாள்; பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் துறந்தான். கோவலனின் பழவினை அறியப்பட்ட பின்னரும் அரசனின் குற்றம் குற்றமாகவே நிற்கின்றது. துன்புற்றவனுக்கு வினைக்கணக்கு ஒன்று உண்டு என்பதனால் துன்புறுத்தியவன் விடுதலை பெறுவதில்லை. வள்ளுவரும் 'ஊழ்' என ஓர் அதிகாரம் வகுத்தவரேயாயினும், இரந்தே உயிர்வாழவேண்டிய நிலை ஒருவனுக்கு விதிக்கப்பட்டதாயின் உலகைப் படைத்தவனே கெடுக என 'இரவச்சம்' அதிகாரத்தில் சினந்துரைக்கக் காண்கின்றோம்.

கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் இவ்வினாவினை மேலும் வெளிப்படையாக எழுப்புகின்றது. தேவர்கள் சூரபன்மனிடம் பட்ட துன்பத்திற்குக் காரணம் யாதென இந்திரன் மகன் சயந்தன் வினவ, தக்கன் வேள்வியில் கலந்துகொண்ட குற்றமே காரணம் எனத் தேவகுரு விடை கூறுவதாகவே தக்க காண்டம் தொடங்குகின்றது. குற்றமும் தண்டனையும் இங்கு ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சைவசித்தாந்தத்தின் நிலைப்பாடும் இதற்கு இயைந்ததே. வினை சடமாதலின் அதன் பயனை உயிர்க்கு ஊட்டுபவன் இறைவன். அவன் தரும் துன்பம் மருத்துவன் தரும் மருந்தினை ஒத்தது என்பது அந்நெறி.

ஆயின் அதே புராணத்தில் ஒருவன் மட்டும் இக்கணக்கினுள் எளிதில் அடங்காது நிற்கின்றான். அவனே காமன். சிவன் யோகத்தில் அமர்ந்திருந்தான். அவ்யோகம் கலைந்து அவன் உமையை மணந்தாலன்றிச் சூரனை அழிக்கும் மைந்தன் தோன்றான். தேவர்களுக்காக அயன் காமனை ஏவுகின்றான். காமன் மறுக்கின்றான், சாபம் இடுவேன் என அச்சுறுத்தப்பட்ட பின்னரே உடன்படுகின்றான். மலரம்பு எய்த அளவில் நெற்றிக்கண்ணின் தீயில் சாம்பராகின்றான். தேவர்களின் நோக்கம் பின்னர் நிறைவேறுகின்றது. ஏவப்பட்டவன் எரிந்தான், ஏவியவர் பயன் பெற்றனர். புராணத்தில் இது முருகன் பிறப்புக்கு வழிகோலும் ஒரு படலம் மட்டுமே.

காமன் கூத்திலோ அதுவே முழுக் கதையாகின்றது. கம்பம் நட்டு, நோன்பு காத்து, தப்பு முழங்க நிகழும் இக்கூத்தில் முருகன் பிறப்பு முதன்மை பெறுவதில்லை. சூரன் வதை மேடைக்கு வருவதுமில்லை. புராணம் விரைந்து கடந்துவிடும் இடத்திலேயே கூத்து தங்கிவிடுகின்றது. மதன் புறப்படுகின்றான், இரதி தீய கனாக்களைச் சொல்லித் தடுக்கின்றாள், இருவருக்குமிடையே வாதம் நீள்கின்றது. தூதன், எமன், வீரபத்திரன் முதலியோர் வந்து ஆடுகின்றனர். மதன் எரிக்கப்பட்ட பின் இரதியின் புலம்பல் எழுகின்றது. காளிதாசரும் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கு ஒதுக்கினார் என்பது நினைவுகொள்ளத்தக்கது. அங்கு அது ஒரு பெண்ணின் தனித்துயர். இங்கோ, ஊரில் இறப்பு நிகழ்ந்தாற்போல் ஒரு சமூகமே துக்கங்காக்கின்றது.

இவ்விடத்திலேதான் கூத்தின் விடையினை நாம் காண்கின்றோம். காமன் எரிந்தமைக்கு ஏற்ற ஒரு பழவினையைக் கூத்து தேடிச் செல்வதில்லை. எரித்தவன் தெய்வம் என்பதனையும் அது மறுப்பதில்லை. ஆடுவோர் யாவரும் சிவனை வழிபடுவோரே. எனினும் தண்டிக்கப்பட்டவனுக்காக அழுவதற்கு அவனது குற்றமின்மையை முதலில் நிறுவவேண்டும் என அது கருதவில்லை. துன்புற்றவனை விசாரிக்காமல் அவனுக்காகத் துக்கங்காக்கும் உரிமையை அது மக்களுக்கு அளிக்கின்றது. தண்டனை நிகழ்ந்தது என்பதனைக் குற்றம் இருந்தது என்பதற்குச் சான்றாக ஏற்க மறுப்பதே இக்கூத்தின் அறநிலை எனலாம்.

இக்கூத்தினைத் தோட்ட வாழ்வின் உருவகமாகவே கொள்ளல் வேண்டும் எனச் சிலர் வாதிடக்கூடும். அது பொருந்தாது. தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே தமிழகக் கிராமங்களில் காமன் பண்டிகை இருந்தது. அங்கு காமன் எரிந்தானா, எரியவில்லையா எனக் கட்சி பிரிந்து பாடும் இலாவணி மரபும் உண்டு. ஆனால் புலம்பெயர்ந்த மக்கள் தாம் கொணர்ந்தவற்றுள் எதனைப் பேணினர் என்பது வரலாற்றோடு தொடர்புடைய வினாவாகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்கீழ், வேலையைக் கைவிட்டுச் செல்வதும் வேலையில் தவறுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயிருந்தன. 1920களின் தொடக்கத்திலேயே அத்தண்டனைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என அவர்களைப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுவதாயிற்று. பிறர் தேவைக்காக அழைக்கப்பட்டு, அப்பணியிலேயே தண்டனைக்கும் ஆளான ஒரு சமூகம், ஏவலை ஏற்றுச் சென்று எரிந்தவனின் கதையைப் போற்றி வைத்திருந்தமை வியப்புக்குரியதன்று.

கூத்தின் குறைபாட்டினையும் மறைத்தல் முறையன்று. ஏவிய தேவர்களை அது கூண்டில் ஏற்றுவதில்லை. கண்ணகி அரசவைக்குச் செல்கின்றாள். இரதி புலம்புகின்றாள், வேண்டுகின்றாள், வரம் பெறுகின்றாள். அவ்வரமோ, மீண்டெழுந்த கணவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான் என்பது. உலகினர் காணுமாறு நீதி வழங்கப்படவில்லை. இதனைக் கொண்டு கூத்து மக்களை அடங்கியிருக்கப் பழக்கிற்று என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எதிர்ப்புக்கு முந்திய நிலை ஒன்றுண்டு. தனக்கு நேர்ந்தது தன் குற்றத்தால் நேர்ந்ததன்று என அறிதலே அது. அவ்வறிவினைக் கூத்து பாதுகாத்து வந்துள்ளது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வாதமன்று. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்தில் லயன் அறைகள், அவற்றில் இருந்தோருடன் மண்ணுட் புதைந்தன. இத்தகைய வேளைகளில் 'எல்லாம் செய்த வினை' என்னும் சொல் ஆறுதலாகவே கூறப்படுகின்றது. விவிலியத்து யோபுவின் நண்பர்களும் ஆறுதல் கூறவே வந்தனர். நீ பாவம் செய்திருத்தல் வேண்டும் என்றே முடித்தனர். அந்நூலின் இறுதியில் இறைவன் சினந்தது அந்நண்பர்களின்மீதே. மழையின் மிகுதியையும் மலைச்சரிவின் இயல்பையும் அறிவியல் விளக்கும். ஆனால் லயன் எந்தச் சரிவின் கீழ் அமைய வேண்டுமெனத் தீர்மானித்தோர் அதில் வாழ்ந்தோர் அல்லர். வேறிடத்தில் வீடமைத்துக்கொள்ள அவர்களுக்குச் சொந்த நிலமும் இருக்கவில்லை. வினை என்ற ஒரு சொல்லால் இக்கேள்விகளை மூடுவோமாயின், இறந்தோரையே குற்றவாளிகளாக்கியவர்களாவோம்.

தொகுத்து நோக்கின், துன்பத்திற்குக் காரணம் கூறும் மரபும் துன்புற்றவனோடு நிற்கும் மரபும் தமிழில் ஒருங்கே உள்ளன. முன்னையது தத்துவ நூல்களிலும் புராணங்களிலும் விரிவு பெற்றது. பின்னையது சிலம்பின் வழக்குரை காதையிலும், தோட்டத்துக் காமன் பொட்டலிலும் உயிர்பெற்றது. இரண்டினுக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது: கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அவை இருந்தது, இரதிக்கு அஃது இருக்கவில்லை. மலையக இலக்கியத்தை ஆராய்வோர், இரதியின் புலம்பலை வெறும் சடங்கெனத் தள்ளாது, அவை ஏறாத வழக்காகக் கொண்டு கற்பாராயின், அக்கூத்தினை இத்துணைக் காலம் காத்துவந்த மக்களுக்கு நாம் செய்யவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.