கொள்ளைப் பிரியம்

மிகுதியைச் சொல்லத் தமிழில் எத்தனையோ சொல் இருக்க, என் ஓட்டு 'கொள்ளை'க்குத்தான். 'மிக'வை வைத்தே காலம் தள்ளும் கட்டுரையாளர்களும், வாழ்த்துமடலில் 'நனி நன்று' என்று எழுதிப் பூரிக்கும் தமிழாசிரியர்களும் இதை ஒப்பமாட்டார்கள். போகட்டும். தொல்காப்பியர் உறு, தவ, நனி என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார். நன்னூலார் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். அந்த ஆறில் எங்கள் புதுச்சேரி அரியாங்குப்பம் மீன் மார்க்கெட்டில் காதில் விழுவது ஒன்றுமில்லை. 'சால' மட்டும் மேடையில் 'சாலச் சிறந்தது' என்று எப்போதாவது தலைகாட்டும்.

'கொள்ளை' அப்படியில்லை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரன்று, ஆடி ஐந்தாம் வெள்ளியில், திரும்பி வரும் கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள். "சனமா சனம்! கொள்ளை சனம்டா யப்பா!" என்று முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். அந்த 'ள்ளை'யை இழுக்கும் நீளத்தில் தேரடியிலிருந்து கடற்கரை வரைக்கும் கூட்டம் தெரியும். 'மிகுந்த மக்கள் திரள்' என்று நாளைக்குப் பேப்பரில் வருவதைப் படித்தால் அங்கே நாலு பேர்கூட நின்றதாகத் தோன்றாது.

இத்தனைக்கும் நல்ல குடும்பத்துச் சொல் இல்லை அது. அடித்துப் பறிப்பது ஒரு பக்கம், ஊரையே வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோய் இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்தில் இரண்டும் வெறும் பேச்சாக இருந்ததில்லை. 1748இல் இங்கிலீஷ் தளபதி பாஸ்கவன் கப்பல்களோடு வந்தபோது பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் முதலில் மோதிக்கொண்டது இந்த அரியாங்குப்பம் கோட்டைக்காகத்தான். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபின் கோட்டையோடு ஊரையும் இங்கிலீஷ்காரர்கள் தரைமட்டமாக்கினார்கள். 1736இல் தொடங்கி நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்னால்தான் கண்ணை மூடினார். மிகுதிக்கு அவர் கை தானாகப் போவது 'வெகு'வுக்கும் 'மெத்த'வுக்கும். பிரெஞ்சுத் துரைகளுக்கு மொழிபெயர்த்த துபாஷுக்கு அந்த நிதானம் பொருந்தும். 'மெத்த' இன்று 'மெத்தப் படித்தவர்' என்று கிண்டலுக்குத்தான் உதவுகிறது.

இவ்வளவு ரத்தமும் காய்ச்சலும் பார்த்த சொல், பேரப்பிள்ளைமேல் வைத்த பிரியத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? எல்லாம் அடியில் கிடக்கும் 'கொள்' செய்யும் வேலை என்பது என் எண்ணம். எடுத்துக்கொள்வதும் அதுதான், பாத்திரம் கொள்வதும் அதுதான். கொள்ளை அழகு என்றால் பார்த்தவனிடம் ஒன்றையும் மிச்சம் வைக்காத அழகு. 'பேரழகு' கல்யாணப் பத்திரிகைக்குப் போதும்.

பயமுறுத்திய சொல்லைப் பாராட்டுக்குத் திருப்புவது நம் வழக்கம் மட்டுமில்லை. இங்கிலீஷ்காரனுக்கு 'டெரிப்ளி', 'ஆஃபுலி' இரண்டும் நடுக்கத்தில் பிறந்தவை. 'வெரி' பிரெஞ்சிலிருந்து போனது. முதலில் 'உண்மையான' என்றுதான் அர்த்தம், கவிஞர் சாசர் காலத்திலும் அப்படித்தான். பிரெஞ்சில் 'ஃபொர்மிதாப்ள்' ஒருகாலத்தில் குலைநடுங்க வைப்பது. எங்கள் தெருவின் சொல்தா தாத்தா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வஞ்சிரக் குழம்பைத் தொட்டுக்கொண்டே அதைச் சொல்லுவார். பக்கத்தில் அவர் மனைவி, "அநியாயத்துக்கு உப்பு" என்பார். அநியாயமும் இந்த வரிசையில் வந்ததுதான். 'அநியாயத்துக்கு நல்லவர்' என்று ஒருவரைச் சொல்ல வேறு எந்த ஊரில் முடியும்?

பழைய சொற்களின் அழகே அவை ஆள் பார்த்துப் பழகியதுதான். முட்டாளுக்கு 'அடி', புளுகுக்கு 'அண்டம்', இருட்டுக்குக் 'கும்', பகலுக்குப் 'பட்ட'. சுட்டிக்குப் 'படு' வரும், அழகுக்கு வராது. இந்தக் கட்டுப்பாடெல்லாம் பாட்டிமார் வாயில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நின்றது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே 'செம'. செம மழை, செம கடுப்பு, செம சாம்பார். துக்க வீட்டு வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே ஒரு பையன், "செம கூட்டம்ல?" என்றான். தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. அவனிடம் வேறு சொல் இல்லை. யூட்யூபில் படம் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்களோ 'வேற லெவல்' என்பதை வருஷக்கணக்காக ஒரே லெவலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

புதுசெல்லாம் மட்டம் என்று சொல்லவரவில்லை. 'மரண அடி', 'மரண மாஸ்' இரண்டிலும் கொள்ளையின் ரத்தம் ஓடுகிறது. சாவைக் கொண்டுவந்து கொண்டாட்டத்தில் நிறுத்துகிற துணிச்சல் அது. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் என் நண்பர்கள், 'கொள்ளை அழகு' என்று கவிதை எழுதும்போது மட்டும் சுளிப்பதில்லை.

கரிசல் வழக்குக்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அகராதி போட்டார். கடைசிக்காலத்தில் அவர் இருந்ததும் புதுச்சேரியில்தான். எங்கள் கடலோரப் பேச்சுக்கு அப்படியொன்று என் கைக்கு எட்டவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அதற்குள் எங்கள் பிள்ளைகள் பாரிஸ் போய், லா ஷப்பேல் கடைத்தெருவில் யாழ்ப்பாணத்தாரோடு பழகி, 'சரியான வெயில்', 'வலு கெட்டிக்காரன்' என்று பேசக் கற்று லீவுக்கு வருகிறார்கள். 'சரியான' எனக்குப் பிடித்திருக்கிறது. 'வெரி' போன பாதைக்குப் பக்கத்துப் பாதை அது. ஆனாலும் 'சரியான பசி' என்று அவர்கள் இலைமுன் உட்காரும்போது, அளந்து வைத்த பசி மாதிரிதான் படுகிறது. எனக்கு வருவதெல்லாம் அகோரப் பசி.