நொறுங்கும் எஞ்சின்கள்: மாதிரி ரயில், ஈயம், ஏமாற்றம் குறித்துச் சில குறிப்புகள்

என்னிடம் மூன்று ரயில் எஞ்சின்கள் இருக்கின்றன. மூன்றும் ஓடாது. ஒன்று தகரம், சாவி கொடுத்தால் ஓட வேண்டியது. ஒன்று துத்தநாக வார்ப்பு. ஒன்று பிளாஸ்டிக். இது தெரியவந்தபோது தோழர்கள் சிலர் சிரித்தார்கள். ‘சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் துரைமார் பொழுதுபோக்கு’ என்றார் ஒருவர். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மாதிரி ரயில் சேகரிப்பவர்கள் உலகெங்கும் ஓயாமல் உற்பத்தி செய்துவரும் ஒரு சொல்லாடல், ‘இந்த எஞ்சின் என்னை ஏமாற்றிவிட்டது’ என்கிற சொல்லாடல், வாசித்துப் பார்க்கத் தகுந்தது என்றே நினைக்கிறேன். ஒரு பண்டம் தன்னை வாங்கியவனை ஏமாற்றும்போது உண்மையில் யார் யாரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் கிடக்கிறது. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் அவர்களுடைய வாசிப்பைப் பாராட்டிவிட வேண்டும். பாய்லரின் பச்சை ஒரு சாயல் கூடிவிட்டது, புகைபோக்கி அரை மில்லிமீட்டர் குட்டை, சக்கரத்தில் ஆரக்கால் எண்ணிக்கை தவறு, மோட்டார் உறுமுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம்முடைய விமர்சகர்கள் ஒரு நாவலை இதில் பாதிக் கவனத்தோடு படித்தால் தேவலை. மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு பொறுமையாக அளக்கிற கூட்டம் வேறு இல்லை. ஆனால் அந்த அளவுகோல் பொருளோடு நின்றுவிடுகிறது. பொருளைச் செய்த கை அதில் பதிவாவதே இல்லை.

ஒரு உதாரணம். 2010களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனி ‘டிசைன் கிளெவர்’ என்று ஒரு கொள்கையை அறிவித்தது. தனித்தனியாகச் செய்து ஒட்டப்பட்ட கைப்பிடிக் கம்பி போன்ற நுண்பாகங்கள் சிலவற்றை உடலோடு சேர்த்தே அச்சில் வார்த்துவிடுவது, செலவைக் குறைப்பது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இரு நூறாண்டு ரயில் மரபுக்கே துரோகம் நடந்ததுபோல எழுதினார்கள். இதை ஒரு தொழிலாளியாக வாசித்தால் வேறு அர்த்தம் வருகிறது. எஞ்சினின் ஒவ்வொரு நுண்பாகமும் யாரோ ஒருவர் - பெரும்பாலும் சீனத்தின் குவாங்தோங் மாநிலத்தில், கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிற ஒரு பெண் - இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டிய பாகம். ‘நுணுக்கம்’ என்று சேகரிப்பாளன் சொல்வது அவளுடைய விரல் நேரம். கம்பி ‘தனியாக வேண்டும்’ என்கிற கோரிக்கையை மொழிபெயர்த்தால், அதே விலைக்கு இன்னும் கொஞ்சம் விரல் வேண்டும் என்று வரும். 1990களில் ஹார்ன்பி தன் உற்பத்தியை மார்கேட் நகரத்திலிருந்து சீனாவுக்குக் கொண்டுபோனபோது எஞ்சின்கள் திடீரென்று அழகாகிவிட்டன என்று மகிழ்ந்தவர்களும் இவர்கள்தான். பிற்பாடு சீனத்தில் கூலி ஏறியதும் எஞ்சின்கள் ‘ஏமாற்ற’ ஆரம்பித்துவிட்டன.

இனி என் துத்தநாக எஞ்சினுக்கு வருகிறேன். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கேமரா, ரேடியோக் குவியலுக்கு நடுவில் கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் சரக்கு. மாதச் சம்பளத்தில் கால்வாசி கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. பாகலூருக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால் சக்கரம் முழுக்க மயிரிழை வெடிப்பு. அடிச்சட்டம் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. ஒரு மழைக்காலம் போனது. சக்கரத்தின் விளிம்பு தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘துத்தநாகப் பூச்சி’. சிலர் ‘நோய்’ என்பார்கள், சிலர் ‘அழுகல்’. 1920கள், 30களின் வார்ப்பு பொம்மைகள் பலவற்றுக்கு இது வந்திருக்கிறது, போருக்கு முந்தைய ஹார்ன்பி ரயில்கள் உட்பட. என்ன நடக்கிறது என்பது ரகசியமில்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் ஒரு துளி கூடிப்போனால் போதும், அது உலோகத்தோடு கரையாமல் படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரம் அந்த எல்லை வழியாகவே உள்ளே நுழைந்து அரிக்கும். உலோகம் வீங்கும், வெடிக்கும், கடைசியில் மணி மணியாக உதிரும். 1920களின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 99.99 சதவீதச் சுத்தத் துத்தநாகத்தை வைத்து ‘ஸமாக்’ என்ற கலவையைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அதற்கு ‘மஸாக்’ என்று பெயர். அதாவது 1930களில் நோய்க்கு மருந்து தெரிந்திருந்தது. ஆனாலும் நோய் தொடர்ந்தது. ஏன்?

விடை எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைக்கவில்லை. நான் வேலை பார்க்கிற டை காஸ்டிங் பட்டறையில் கிடைத்தது. (பெயர் வேண்டாம். ஓசூரில் இப்படி நிறைய இருக்கின்றன, பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் போடுகிறவை.) உதிர்ந்த சக்கரத்தை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுபோய், உருக்குப் பானை பார்க்கிற பெரியவரிடம் காட்டினேன். முப்பது வருஷமாகப் பானையடியில் நிற்பவர். மாரண்டஅள்ளிப் பக்கத்து ஆள். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

‘இது சீக்கு இல்லப்பா. எவனோ ஸ்கிராப்ப அள்ளிப் பானையில போட்டிருக்கான்.’ கொஞ்சம் நிறுத்தி, ‘போட்டவனச் சொல்லக் கூடாது. போடச் சொன்னவன் ஒருத்தன் இருப்பான்ல’ என்றார்.

இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் படித்ததில்லை. வார்ப்பில் பாகம் போக மிஞ்சுகிற ரன்னர், கழிவுத் துண்டு எல்லாவற்றையும் திரும்பப் பானையில் போடுவது வழக்கம். எத்தனை பங்கு புதுக் கட்டி, எத்தனை பங்கு பழசு என்பதற்குக் கணக்கு உண்டு. மாதக் கடைசியில் கணக்கு மாறும். அப்போது தரையில் கூட்டி எடுத்ததும் சேரும், அதில் பற்றவைக்கிற ஈயத் துணுக்கும் இருக்கலாம். பாகம் கொப்புளித்து வந்தால் மெமோ சூப்பர்வைசருக்குப் போகாது, பானைக்காரருக்கு வரும். பிரிட்டிஷ் பட்டறையிலும் இதேபோல நடந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். வேதியியலும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. லாபத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் ‘பூச்சி’ என்று அழைப்பதன் மூலம் இயற்கையின் தலையில் கட்டுகிற வேலைதான் இங்கே நடக்கிறது. நம்மூரில் பஞ்சத்தை வானத்தின் தலையில் கட்டியதுபோல. மொழி தற்செயலாக எதையும் செய்வதில்லை.

ஹார்ன்பி ரயில்கள் பிறந்த லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலையை (அதற்குள் ரயில் உற்பத்தி அங்கிருந்து போய்விட்டது) 1979 நவம்பரில் திடீரென்று மூடினார்கள். தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். சில மாதங்கள் ஆலை அவர்கள் கையில் இருந்தது. சேகரிப்பாளர்களின் வரலாறுகளில் எந்த ஆண்டு எந்த நிறத்தில் எந்த எஞ்சின் வந்தது என்பதற்கு அட்டவணை இருக்கும். இந்த மாதங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரி. 1980ல்தான் ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் தொடங்கின. ஒரு ஊரில் கதவு மூடுகிற காலமும் இன்னொரு ஊரில் திறக்கிற காலமும் ஒன்றாக அமைவதை வெறும் பஞ்சாங்கப் பொருத்தமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

பூட்டிய கதவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாதிரி ரயில் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான பாக்மன் 1987லிருந்து ஹாங்காங்கின் கேடர் குழுமத்துக்குச் சொந்தம். அதே குழுமம் பங்கு வைத்திருந்த தாய்லாந்துப் பொம்மை ஆலையில் 1993 மே 10 அன்று தீப்பிடித்தது. 188 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன, கட்டடம் இடிந்து விழுந்தது. அங்கே ரயில் செய்யவில்லை, துணிப் பொம்மையும் பிளாஸ்டிக் பொம்மையும்தான். அந்த வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் அலமாரியிலுள்ள பொருளுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் எத்தனை கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதிகமில்லை. தாய்லாந்து வரை போகவும் வேண்டாம். எங்கள் எல்லையில், அத்திப்பள்ளியில், 2023 அக்டோபர் 7 அன்று தீபாவளிச் சரக்கு இறக்கிய பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது 14 பேர் அன்றைக்கே போனார்கள், பிறகும் எண்ணிக்கை ஏறியது. பலர் விடுமுறைக் கூலிக்கு வந்த தமிழ்நாட்டுப் பையன்கள். பண்டிகைக் குதூகலத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சரக்கு எங்கோ ஒரு கிடங்கில் இறங்கித்தான் வருகிறது.

மூன்றாவது எஞ்சின் கதை கொஞ்சம் கேவலமானது. வெளிநாட்டிலிருந்து தருவித்த இந்திய டீசல் எஞ்சின் மாதிரி. கொரியர்காரன் அதைப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள இன்னொரு பாகலூருக்குக் கொண்டுபோய்விட்டான். எங்கள் பாகலூர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று போனில் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே சுங்கம். அளவுமாதிரிகளும் விளையாட்டுச் சாமான்களும் சுங்க அட்டவணையில் ஒரே தலைப்பில், 9503ல், வருகின்றன. 2020ல் இந்த வரியை 20லிருந்து 60 சதவீதமாக்கினார்கள், 2023ல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கத்தான் என்றார்கள். சரி, காக்கட்டும்.

பிரித்துப் பார்த்தேன். நிறம் சரி, எழுத்து சரி. தண்டவாளத்தில் வைத்தால் ஒல்லிக்காலில் நிற்கிற பானை வயிற்றுக்காரன் போல இருக்கிறது. அளந்து பார்த்தபின்தான் புரிந்தது. நம்முடைய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.26 வரும். கடையில் கிடைக்கிற தண்டவாளமோ 16.5, அதாவது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதை. இந்திய எஞ்சினை அதில் ஏற்றுவதென்றால் காலை உள்ளே இழுத்துத்தான் ஏற்ற முடியும். நிஜ அளவில் 24 சென்டிமீட்டர் குறைகிறது. பிரிட்டிஷ்காரர்களுக்கும் இது உண்டு: அவர்களுடைய சிறிய எஞ்சின் உடலுக்குள் அந்தக் காலத்து மோட்டார் நுழையாததால் உடலை மட்டும் 76ல் ஒன்றாகப் பெருக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏழு அங்குலம் குறைச்சலோடு தலைமுறைகள் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய குறை அவர்களே செய்துகொண்ட சமரசம். நம்முடையதில் அந்தத் தேர்வுகூட இல்லை. பாதை முன்பே போடப்பட்டுவிட்டது. அதில் பொருந்துகிற மாதிரி நம் உடல் வெட்டப்படுகிறது. கோட்பாடு எழுதுகிற தோழர்கள் இதை உருவகமாக எடுத்துக்கொள்ளலாம், நான் ஸ்கேலும் கையுமாகச் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுக்கொண்டே போனபோது ஒன்று தட்டுப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் ஒரு குட்டி ரயில் வந்தது, 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடிப் பாதை, 762 மில்லிமீட்டர். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி ரயிலும் இதே மாதிரி. பஞ்சப் பகுதிக்குத் தானியம் கொண்டுவர என்று போட்ட பாதைகள். 1941ல் இரண்டையும் மூடினார்கள். கிருஷ்ணகிரி ஊர் அதற்குப்பின் ரயிலைப் பார்க்கவில்லை. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76. கடையில் கிடைக்கும் சிறிய தண்டவாளம் 9. கால் மில்லிமீட்டர்தான் பிசகு. எங்கள் வட்டாரத்தின் எந்த ரயிலை வெளிநாட்டுத் தண்டவாளத்தில் ஏறக்குறைய உடல் சேதமின்றி நிறுத்தலாம் என்று பார்த்தால், பிடுங்கப்பட்ட ரயிலைத்தான்.

இந்த இடத்தில் ரொலான் பார்த்தை இழுக்காமல் நம் பத்திரிகைகளில் கட்டுரை முடியாது. 1957ல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில், பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் கொடுத்து குழந்தையைப் படைப்பாளி ஆக்காமல் வெறும் உடைமைக்காரன் ஆக்குகின்றன என்கிறார். பிளாஸ்டிக்கைத் திட்டி மரத்தைப் போற்றுகிறார். முதல் பாதியோடு சண்டையில்லை. பெஞ்சமினும் 1928ல் பொம்மை பற்றி எழுதியபோது, நகலெடுப்பு கூடக்கூட உயிருள்ள விளையாட்டு விலகிப்போகிறது என்கிற திசையில்தான் யோசித்தார். என் தகர எஞ்சின், ஆறு வயதில் தேர்த்திருவிழாவில் அப்பா வாங்கியது, சுருள் அறுந்தபின்தான் எனக்கு எஞ்சினானது. கயிறு கட்டி இழுத்தேன், ரோஜாத் தோட்டத்து வாய்க்காலில் படகாக விட்டேன். மற்ற இரண்டையும் அப்படிச் செய்ய முடியாது, தொட்டால் மதிப்புப் போய்விடும். ஆனால் மரம்? இங்கிருந்து சென்னபட்ணா தூரமில்லை. பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, அரக்கு வண்ணத்தை உராய்வுச் சூட்டிலேயே ஏற்றி, அந்த ரயிலைச் செய்கிறார்கள். எந்த அளவுக்கும் மாதிரி இல்லை, அதனால் யாரையும் ஏமாற்றுவதில்லை. அழகுதான். ஒப்புக்கொள்கிறேன். அந்த மரத்தூளை நாள் முழுக்க மூச்சில் இழுக்கிற ஆளைப் பாரீஸில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரத்துக்கு ஒரு அறம், பிளாஸ்டிக்குக்கு ஒரு பாவம் என்று பிரிப்பது சேகரிப்பாளன் பேச்சின் இன்னொரு வடிவம். அதிலும் கை இல்லை.

என் நிலையும் சுத்தமில்லை. பகலில் பாகம் வார்க்கிறவன், இரவில் பாகம் சரியில்லை என்று முனகுகிறவன். கொப்புளித்த ஒரு லிவருக்காகப் பானைக்காரருக்கு மெமோ வந்த வாரத்தில்தான் நான் அந்த டீசல் எஞ்சினின் சக்கரம் பற்றிக் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண்ணுக்கு அந்தக் கடிதம் என்ன ரூபத்தில் போய்ச் சேரும் என்று யோசனை வந்தது. கடிதத்தை அனுப்பவில்லை. அனுப்பாததால் யாருக்கும் நன்மையில்லை என்பதும் தெரியும்.

துத்தநாக எஞ்சினில் நான்கு சக்கரம் மிச்சம் இருந்தது. ஒன்றைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிதாக வருகிற டிரெய்னிப் பசங்களுக்குக் காட்டணுமாம். பானைக்குப் பக்கத்தில், ஸ்கிராப் தொட்டிக்கு மேலே, ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஆடிக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள்ளேயே உதிர்கிறது. ‘அதுவும் ஈயம்தானே, பானைக்குப் போயிடப்போகுது’ என்றேன். மறுநாள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தார்.