மேய்ச்சல் காட்டுத் தோழமை

2020 ஜூன் 2ஆம் தேதி கோவை இலக்கிய நண்பர்களில் பலர் முகநூலில் தங்கள் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தார்கள். மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு வெள்ளைக் காவலன் முழங்காலை ஊன்றிக் கொன்று எட்டு நாள் ஆகியிருந்தது. நானும் வைத்தேன். ராத்திரி படுக்கும்போதுதான் தேதி உறைத்தது. சரியாக ஆறு மாதத்துக்கு முன்பு, 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுமார் இருபதடி உயரச் சுவர் சரிந்து 17 பேர் செத்துப்போனார்கள். அருந்ததியர் குடியிருப்பு. சுவர் பக்கத்து வீட்டுத் துணிக்கடை முதலாளியுடையது. அந்தச் சுவரால் ஆபத்து என்று அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். மகனையும் மகளையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அந்த நிலைமையிலும் பிள்ளைகளின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மீது போலீஸ் தடி விழுந்தது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எங்கள் பக்கங்களில் அன்று சதுரம் எதுவும் ஏறவில்லை.

ஃபிளாய்டுக்கு அழுதது தப்பு என்று சொல்ல வரவில்லை. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராட்டியத் தலித் இளைஞர்கள் பிளாக் பாந்தர்களிடமிருந்து தங்கள் இயக்கத்துக்குப் பெயர் எடுத்தார்கள். 2001 டர்பன் மாநாட்டில் சாதியையும் இனவெறியோடு சேர்த்துப் பேச வேண்டுமென்று தலித் அமைப்புகள் வாதாடின, இந்திய அரசு மறுத்தது. இந்த உறவு மெய்யானது, அவர்கள் உண்டாக்கியது. நாம் செய்வது வேறு. கறுப்பர் கதையை வாசிக்கும்போது கொங்குநாட்டு ஆதிக்க சாதி வாசகத் தன்னிலை எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். கறுப்பர் இடத்தில்தான் உட்காருகிறது! பார்ப்பனியத்தால் சூத்திரனென்று இழிவுபட்டவன், டில்லியால் வஞ்சிக்கப்பட்ட தமிழன், மானம்பார்த்த காட்டில் மண்ணோடு மல்லுக்கட்டிய குடியானவன் என்று தன்னைப் பற்றி அது சொல்லிக்கொள்ளும் எந்தக் கதையாடலிலும் முழங்காலை ஊன்றியவன் வேறு எவனோதான். இதில் முழுப் பொய் ஒன்றுமில்லை என்பதே சிக்கல். (திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரனை ‘வடக்கன்’ என்று சொல்லும் வாயும் இதே வாய்தான். 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவி அவர்கள் நடுங்கியபோது ‘பொய்தானே’ என்று நிம்மதியாகிவிட்டோம். பொய்யை அவர்களால் ஏன் அவ்வளவு சுலபமாக நம்ப முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும், ஒடுக்கும் சாதியில் பிறந்த ஆளுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘தோழர்’ இருக்கிறது, ஆனால் அது எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. ‘தோழமை’ என்று சொல்லலாமென்றால் அதைத் தேர்தல் கூட்டணிகள் தின்றுவிட்டன. 2024 மக்களவைத் தேர்தலில் நாமக்கல் தொகுதி திமுகவின் தோழமைக் கட்சியான கொமதேகவுக்குப் போனது. முதலில் அறிவித்த வேட்பாளர் சாதி மாறிக் காதலிப்பவர்களை மிரட்டிப் பேசிய பழைய காணொளி வெளியே வந்தது, ஆளை மாற்றினார்கள், மாற்றி நிறுத்தப்பட்டவர் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்தார். சமூகநீதி பேசும் பெரிய கட்சிக்கு அந்தத் தோழமையில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கடம் அந்தக் காணொளியோடுதான். அரசியல் கட்சிகளைச் சொல்லிவிட்டு எழுத்தாளர்கள் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வந்தது. கவுண்டர் சாதியில் பிறந்தவர் அருந்ததியப் பிள்ளைகளை மையத்தில் வைத்து எழுதிய நாவல். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையன். பண்ணையக்காரர் மகன் செல்வன். இரண்டு பேரும் மேய்ச்சலில் கூட்டாளிகள். ஆடு, வெயில், பனை, கிணறு எல்லாம் இருவருக்கும் பொது. தொண்டுப்பட்டிக்குத் திரும்பியதும் ஒருவன் எசமான், ஒருவன் ஆள். வந்த காலத்தில் இதை வட்டார நாவல் என்றார்கள், இயற்கையை எழுதிய விதத்தைப் பாராட்டினார்கள், ஆதிக்க சாதியான் தலித்தை எழுதலாமா என்று கொஞ்சம் சண்டையும் நடந்தது. இந்தச் சண்டையில் ஒரு விஷயம் நழுவிவிட்டது. நாவல் கூளையனைப் பற்றி நமக்குத் தெரிவிப்பதைவிடச் செல்வனைப் பற்றித்தான் அதிகம் தெரிவிக்கிறது. செல்வன் கெட்டவன் இல்லை. கூளையன்மேல் பிரியமுள்ளவன். அந்தப் பிரியத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைப் போட்டவன் அவனில்லை; ஆனால் தேவைப்படும்போதெல்லாம் அந்த எல்லைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். கொங்குநாட்டு முற்போக்கு வாசகனின் துல்லியமான சித்திரம் செல்வன்தான். நாமோ புத்தகத்தை மூடிவிட்டுக் கூளையனுக்காகக் கண்ணீர் விட்டோம். கூட்டம், கருத்தரங்கு, சிறுபத்திரிகை எல்லாம் நமக்கு மேய்ச்சல் காடுதான். பொழுது சாய்ந்தால் அவரவர் வளவுக்குப் போய்விடுகிறோம்.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சரிங்க’. கைக்குழந்தையைக்கூட ‘வாங்க தங்கம்’ என்று கூப்பிடும் ஊர். எழுபது வயது மாதாரியை ஏழு வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட்டதும் இதே ஊரில்தான், இதே தமிழில்தான். எல்லாருக்கும் கொடுத்திருந்தால் இந்த ‘ங்க’ வெறும் இலக்கணம். ஒருத்தருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதால்தான் அதற்கு இத்தனை மணம்.

கல்லூரியில் நாலு புத்தகம் படித்துவிட்டு ஊருக்கு வந்த எனக்கு இதைச் சரிசெய்துவிட வேண்டுமென்று வேகம் வந்தது. எங்கள் காட்டில் வெகுகாலம் பண்ணையத்துக்கு இருந்த பெரியவர் ஒருவர். அன்றைக்கு அவர் வந்ததும், “வாங்கய்யா, திண்ணைல உட்காருங்க” என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “ஏனுங் சாமி, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?” என்றார். உட்காரவில்லை. மறுநாள் என் அப்பா அவரிடம், “அவந்தான் படிச்சுப்போட்டு உளர்றான், நீயும் திண்ணைல ஏறிக்குவயா?” என்று சத்தம் போட்டிருக்கிறார். ஏறாத திண்ணைக்கு வாங்கிய வசவு. நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். பத்து நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லையாம், கூலியும் போயிற்று.

அடுத்த தடவை போனபோது மன்னிப்புக் கேட்கலாமென்று காட்டில் அவரைத் தேடிப் போனேன். அதுவும் என் மனசு ஆறுவதற்குத்தான், அவருக்காக அல்ல. அவர் கேட்டது வேறு. “மருவாதியெல்லாம் கெடக்குட்டுங் சாமி. எங்க சுடுகாட்டு இட்டேரி இருக்குதில்லீங்க, அதுல உங்க வேலி ஏறி நிக்குதுங். பொணத்த வரப்பு மேல தூக்கிட்டுப் போறமுங்.” அந்த இட்டேரி வழியாக நான் நூறு தடவை நடந்திருக்கிறேன். பக்கவாட்டில் கிளுவை வேலி நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்திருந்தது என் கண்ணில் பட்டதேயில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்த வேலி இல்லை. அவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் வந்தது. பல சாதிகளில் பிறந்தவர்கள் தாம் சாதியை அனுபவித்த விதத்தை எழுதிய 32 கட்டுரைகள். தமிழில் இப்படி ஒரு நூல் அதற்குமுன் இல்லை என்றே நினைக்கிறேன். மதிப்புக் குறையாது. ஆனாலும் இப்படியான எழுத்தை நம்மவர்கள் வாசித்த விதத்தில், பிறகு அதைப் பார்த்து நாமே மேடைகளில் பேச ஆரம்பித்த விதத்தில், ஒரு கோளாறு சேர்ந்துவிட்டது. ‘எங்கள் வீட்டில் தனி டம்ளர் வைத்திருந்தோம், இன்று வெட்கப்படுகிறேன்’ என்கிறோம். கைதட்டுகிறார்கள். பாவமன்னிப்புக் கேட்டவன் சுத்தமாகி இறங்குகிறான். அவமானப்பட்டவனின் சாட்சியமும் அவமானப்படுத்தியவனின் ஒப்புதலும் ஒரே எடையில் வைக்கப்படுகின்றன. முன்னவர் பேசினால் ஊரில் அவருக்கு அடி விழலாம். பின்னவருக்கு இலக்கியத்தில் ஓர் இடம் கிடைக்கலாம். நான் இந்தக் கட்டுரை எழுதுவதும் அதிலிருந்து தப்பிவிட்ட காரியமில்லை.

டம்ளர் என்றதும் இன்னொன்று. பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள் இந்தப் பகுதியில் இரட்டைக் குவளைக் கடைகளைப் பட்டியல் எடுத்துப் போராடியது நேரடியான வேலை, உதை வாங்கும் வேலை. அப்புறம் பல கடைகளில் பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கி எறி. தீண்டாமை போயிற்று என்றார்கள். தீட்டு எங்கே போகும்? கப்போடு குப்பைக்குப் போய், மறுநாள் புதுக் கப்போடு திரும்பி வந்தது. அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊர் திரண்டதே, அதற்குப் பேப்பர் கப் உண்டா? அந்த அம்மாவை முதலில் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ரத்து செய்தார்கள். 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. ஏழு வருஷம் அந்த அம்மா கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார். அவரோடு எத்தனை எழுத்தாளர்கள் நடந்தோம்?

திருச்செங்கோட்டுக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் ‘மாதொருபாகன்’ எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் ‘சமாதான’ப் பேச்சுவார்த்தையில் பெருமாள்முருகன் மண்டியிட வைக்கப்பட்டார், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டானென்று அறிவித்தார். எழுத்துலகம் பொங்கி எழுந்தது, சரியாகவே பொங்கியது, கோவையில் நாங்களும் கூடினோம். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் எழுத்தாளன் பக்கம் நின்றது. இடையில், 2015 ஜூன் 23ஆம் தேதி, அதே திருச்செங்கோட்டில், அதே அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓமலூர்க்காரர், பொறியியல் பட்டதாரி, தலித். உடன் படித்த கவுண்டர் வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் பிணம். கருத்துரிமைக்குக் கூடிய அளவில் பாதிகூட இதற்குக் கூடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அது நம்மவர் புத்தகம். இது ‘அவர்கள்’ பிணம்.

வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். உடனிருந்த அந்தப் பெண்ணும் பிறழ்ந்தார். பிறகு உயர்நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அந்தப் பெண்ணைத் திட்டுவது லேசு. வாயைத் திறந்தால் அன்றைக்கு ராத்திரி அவர் எந்த வீட்டில் படுப்பார்? கொங்கு மண்டலம் முழுக்க முற்போக்குக் கவுண்டர்கள் இருக்கிறோமே, எங்களில் ஒரு வீட்டின் கதவாவது அவருக்குத் திறந்திருந்ததா? கடைசியில் மனிதர்கள் சொல்லாததைக் கோயிலில் மாட்டியிருந்த கேமரா சொன்னது. கோகுல்ராஜின் தாயார் விடாமல் நின்றார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது, இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

இதற்கு நேர்மாறாக உடுமலை. 2016 மார்ச் 13ஆம் தேதி பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். வெட்டுக் காயத்தோடு பிழைத்த கௌசல்யா பெற்ற தகப்பனுக்கும் தாய்க்கும் எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்னார். (அவர் முக்குலத்தோர் வீட்டுப் பெண், சாதி வெறி கவுண்டர்களின் தனிச்சொத்து என்று நான் சொல்லவில்லை.) 2020இல் உயர்நீதிமன்றம் அவர் தகப்பனை விடுவித்தது, மேல்முறையீட்டுக்குப் போனார். தோழமை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஓர் உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அந்தப் பெண் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை, கோட்பாடு படிக்கவில்லை. தன் சொந்தத்தைக் கொடுத்தார். எதைக் கொடுத்தோம், எது கையை விட்டுப் போயிற்று என்று கணக்குச் சொல்ல முடியாத தோழமையை நான் இப்போது நம்புவதில்லை.

அப்படியானால் ஒவ்வொருவரும் கூண்டேற வேண்டுமா? அதற்கு முன்னால் சில்லறைக் காரியங்கள் எத்தனையோ கிடக்கின்றன. சில்லறையாக இருப்பதால்தான் நம் விவாதங்களில் அவற்றுக்கு இடமில்லை. கோவையில் வீடு வாடகைக்கு விடும்போது புரோக்கர் ‘நம்மாளுங்கதான் வேணுமுங்களா?’ என்று கேட்பார். அதற்கு நம் பதில் என்ன? ‘சுத்த சைவம் மட்டும்’ என்று எழுதி வைத்துவிட்டு, கறி தின்கிற கவுண்டருக்கு வீட்டைக் கொடுக்கிற ஊர் இது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கூட்டத்துக்காரர்கள் தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். நாத்திகம் பேசும் நண்பர்களும் வம்பெதற்கென்று கொடுத்துவிடுகிறார்கள். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ‘நாடகக் காதல்’ என்று ஆரம்பித்தால் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்கிறோம். மேடையில் நான் இடிக்காத சுவரில்லை. பந்தியில் வாய் திறக்க மாட்டேன்.

வேலியைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்த வரைக்கும் அதைத் தொட முடியவில்லை. தொட முடியவில்லை என்பதா, தொடவில்லை என்பதா? பாகம் பிரித்து என் பங்கு என் பெயருக்கு வந்தபிறகு சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தேன். உள்ளே வந்திருந்தது அரை செண்டுக்கும் கீழே. அதற்குத்தான் இத்தனை வருஷம். கிளுவையை வெட்டி, கல்லை நகர்த்தி நட்டோம். சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார், ஊர்ப் பொங்கலுக்குச் சொல்லிவிடுவதில்லை. அந்தப் பெரியவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். அவரையும் வரப்பு மேல்தான் தூக்கிப் போனார்கள், மழைக்காலம், இரண்டு இடத்தில் பாடை சரிந்ததாக அவர் மகன் சொன்னார். இப்போது இட்டேரி என் பங்கு முடிகிற வரைக்கும் அகலமாக, நேராகப் போகிறது. அப்புறம் சித்தப்பாவின் வேலி.