நெஞ்சுவிடு தூதும் அடங்கா நெஞ்சமும்

பூசைக்கு அமர்ந்த அன்பரொருவர் திருவைந்தெழுத்தைக் கணிக்கத் தொடங்கியவுடனே வேண்டாத நினைவுகள் வந்து மொய்த்தல் யாவரும் அறிந்ததே. கடன்காரன் சொல்லிய சுடுசொல் வரும். முடியாத வழக்கு வரும். சில வேளைகளில் வாயாற் சொல்லவொண்ணாத இழிநினைவும் சந்நிதியிலேயே எழும். ‘இத்தகைய நெஞ்சுடைய நமக்குப் பூசை எற்றுக்கு’ என்று நடுங்கி, அனுட்டானத்தையே கைவிட்டோரும் உளர். இவ்விடர்க்கு மெய்கண்ட சாத்திரம் பதினான்கினுள் மருந்துண்டோ எனின், உண்டு. கற்போர் பலர் விரைந்து புரட்டிச் செல்லும் சிறு நூலொன்றிலே அது வைக்கப்பட்டுள்ளது. உமாபதி சிவாசாரியர் அருளிய நெஞ்சுவிடு தூது என்பதே அந்நூல்.

சந்தான குரவர் நால்வருள் நான்காமவராகிய உமாபதி சிவம் தில்லைவாழந்தணர் மரபில் தோன்றியவர். மறைஞான சம்பந்தரை அடைந்து ஞானோபதேசம் பெற்றவர். அவரது சங்கற்ப நிராகரணத்திலே சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, என்னும் ஆண்டு குறிக்கப்பட்டிருத்தலின் அவர் காலம் தெளிவாகின்றது. அவருடைய சிவப்பிரகாசமும் திருவருட்பயனும் பாடங்கேட்கப்படும் அளவிற்கு நெஞ்சுவிடு தூது கேட்கப்படுவதில்லை. கலிவெண்பாவாற் செய்யப்பட்ட அது, அகப்பொருட் சுவைக்கென அமைந்த பிரபந்தம் என்றும், சாத்திரப் பொருள் அதன்கண் அரிதாகவே உளது என்றும் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

தூது என்பது தலைவி தன் வேட்கையைத் தலைவனுக்கு அறிவிக்குமாறு அன்னம், கிளி, மேகம், நெஞ்சு முதலியவற்றுள் ஒன்றை விடுத்து, அவன் அணிந்த மாலையை வாங்கி வரச் சொல்வது. இந்நூலிலே ஆன்மா தன் நெஞ்சத்தை, குருவடிவாய் எழுந்தருளிய இறைவன்பால் விடுத்துக் கொன்றைமாலை பெற்று வருமாறு வேண்டுகின்றது. தூதிற்கு இன்றியமையாதன இரண்டு: விடுப்போர் வேறு, தூது வேறு ஆதல் ஒன்று, விடுக்கப்படுவது ஓடவல்லதாதல் மற்றொன்று. அலையும் நெஞ்சினர்க்கு ஆகும் மருந்து இவ்விரண்டினின்றும் பிறக்கின்றது.

முதலாவதனைக் காண்போம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியம்; சடப்பொருள்கள். ஆன்மா அவற்றுள் ஒன்றன்று என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றொடு கூடி நிற்பது என்பதும் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தின் துணிபு. அமைச்சன் ஒருவன் அவையிலே தகாத சொல்லொன்றைச் சொல்லினான் என்பதனால் அரசனே அதனைச் சொல்லினான் ஆகான். அவன் அதனை ஏற்று ஆணையிட்டவழியே அது அரசன் சொல்லாகும். அதுபோல, அழையாமல் எழும் நினைவு கரணத்தின் அசைவும் பண்டை வாசனையின் எழுச்சியுமேயாம். பெருங்காயம் வைத்த பாண்டம் கழுவிய பின்னும் மணம் விடாது. இதனை அறியாதார் எழுந்த நினைவையே ‘யான்’ எனக்கொண்டு வருந்துவர். நெஞ்சைத் தூதாக விடுப்போன், விடுக்கும் அச்செயலாலேயே, தான் நெஞ்சல்லன் என்பதை உணர்கின்றான். சூத்திரத்தில் அறிவுக்குச் சொல்லப்பட்டதே தூதில் அநுபவத்துக்குச் சொல்லப்பட்டது.

அற்றேல், சடமாகிய நெஞ்சம் ஏவலைக் கேட்டுச் செல்லுமாறு யாங்ஙனம் எனின், கண் சடமாயினும் ஆன்மா அதனோடு கூடியவழிக் காண்டல் நிகழ்தல் போல, ஆன்மா எப்பொருளை நோக்கித் தன் இச்சையைச் செலுத்துகின்றதோ அப்பொருளை நோக்கியே நெஞ்சமும் செல்லும் என்க. ஆதலின் இம்முறை ஆன்மாவின் சார்பை மாற்றும் முறையேயாம்.

இனி இரண்டாவது. ஓடுதல் நெஞ்சின் இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வத்திராயிருப்பை அடுத்துள்ள கூமாப்பட்டி இதற்கு அண்மைக்காலச் சான்று. 2025ஆம் ஆண்டு அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊருக்கு வருமாறு அழைத்த சிறு காணொளி நாடெங்கும் பரவவே, முன்பு அப்பெயரையே கேட்டறியாத பலர் அவ்வூரை நாடிச் சென்றனர். ‘வா’ என்ற ஒரு சொற்கே நெஞ்சம் இத்துணை விரைவில் ஓடுமாயின், அதனை ஓடாதே என்று தடுத்து என் பயன்? அவ்வூரின் மேற்கே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் உள்ளன. மலையினின்று இழியும் நீர் அவற்றில் தேங்கி, மதகின் வழியே கால்களிற் சென்று கண்மாய்களை நிறைத்து, நெல்லையும் தென்னையையும் வளர்க்கின்றது. மதகின்றி அணைமட்டும் கட்டுவோன் கரையுடைவதற்கே வழிசெய்தவனாவான். உமாபதி சிவம் நெஞ்சிற்கு மதகு திறந்தார். ஓடுவதை ஓடவிட்டு, ஓடவேண்டிய இடத்தைக் காட்டினார்.

மருந்துண்ணும்போது குரங்கை நினையாதே என்று கூறப்பட்டவன் குரங்கையே நினைத்த கதை நம் பாட்டிமார் அறிந்தது. 1987இல் அமெரிக்க உளநூல் அறிஞர் டேனியல் வெக்னரும் அவர்தம் கூட்டத்தாரும் இதனைச் சோதனையாற் கண்டனர். வெண்கரடியை ஐந்து நிமிடம் நினையாதிருக்குமாறு மாணவர்க்குச் சொல்லி, நினைவு வருந்தோறும் மணியடிக்கச் செய்தனர். மணி ஓயவில்லை, பின்பு நினைக்கலாம் என விட்டபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டாரினும் இவர்களே மிகுதியாக நினைத்தனர். ஆயின், கரடி வருந்தோறும் சிவப்பு மோட்டார் வண்டியொன்றை நினைக்குமாறு சொல்லப்பட்டவர்க்கு அம்மிகுதி குறைந்தது. செல்லுதற்கு ஒருபொருள் கொடுக்கப்பட்ட நெஞ்சம் சிறிது அமைதியுறும் என்பது இதனாற் பெறப்படும். வண்டி நெஞ்சை ஆற்றும், வீடளிக்காது. பொருள் எது என்பதிலேதான் சித்தாந்தம் உளநூலினின்றும் வேறுபடுகின்றது.

தாயுமானவர், மதயானையையும் புலியையும் வசப்படுத்துதல் முதலிய அருஞ்செயல்கள் கூடினும் சிந்தையை அடக்குதல் அரிது என்று தேசோமயானந்தத்திலே பாடினார் அன்றோ, அதனால் அடக்குதலே நெறியாம் எனின், அற்றன்று. அரிது என்று அவர் முறையிடுவது இறைவன் திருமுன்பு. தம் முயற்சியாற் கூடாமையை உணர்ந்து அருளை வேண்டுதலே அப்பாட்டின் பயன். தூதிலும் மாலையைத் தருபவன் தலைவனே. விடுப்போள் செய்யக்கூடியது விடுத்தலொன்றே. ஆதலின் இருவரும் ஒரு நெறியினரே.

இந்நூலின்கண் குறைகூறுதற்கு இடனாவது, உலகாயதர் முதலிய பிற சமயத்தாரை அணுகற்க என நெஞ்சை எச்சரிக்கும் பகுதி. தூதின் ஓட்டத்தை அது தடைசெய்கின்றது எனல் முற்றும் பிழையன்று. எனினும் தூதுவன் வழியிலே தங்கிவிடும் இடங்களை முன்னரே அறிவித்தல் விடுப்போர் கடன். பிறரைப் பழித்தற்கென இப்பகுதியைப் படிப்பவர் நூலின் நோக்கத்தை இழப்பர். தம் நெஞ்சம் எங்கெங்கே தங்கிவிடுகின்றது என்று அறிதற்கெனப் படிப்பவர் பயன் பெறுவர்.

ஆகவே, பூசையிடையே வேற்று நினைவு எழுமாயின் அதனோடு மல்லாடுதலும் வேண்டா. அதற்காக அஞ்சி எழுந்து போதலும் வேண்டா. சென்ற தூது வெறுங்கையோடு மீண்டது என்று கொண்டு, மீண்டும் திருவடிக்கே விடுத்தல் வேண்டும். பத்துமுறை மீளினும் பதினோராம் முறை விடுத்தலே பூசையாம். நினைவுகள் உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, ஒன்றையே நூறுமுறை செய்யுமாறு வருத்துமாயின், அது பிணியென உணர்ந்து மனநல மருத்துவரை நாடுதல் கடனாம். கரணமும் மாயையின் காரியமாகலின், உடம்பிற்கு மருந்துண்பது போலக் கரணத்திற்கும் மருந்துண்ணுதல் பத்திக்கு இழுக்கன்று.

சாத்திரம் பதினான்கையும் பயில்வோர் நெஞ்சுவிடு தூதையும் பாடங்கேட்டு, நாள்தோறும் பூசைக்கு முன்பு ஒருமுறை ஓதுவாராக. ஓடும் நெஞ்சமுடையார்க்கென்றே ஆசிரியர் அருளியது அது.

திருச்சிற்றம்பலம்.