நீலக்கோடும் வாடைக்காற்றும்

புதுச்சேரியின் கருவடிக்குப்பம் சிவாஜி சிலையருகே விடியற்காலையில் நின்றால், முத்தியால்பேட்டைப் பக்கமிருந்து ஆரோவில் நோக்கிப் போகும் சைக்கிள்கள் வரிசையாக வரும். வாடகை சைக்கிளானாலும் விலையுயர்ந்த கியர் சைக்கிளானாலும் ஹேண்டில்பாரில் ஒரு கைபேசி மாட்டியிருக்கிறது. திரையில் நீலக்கோடு. அந்தக் கோடு திரும்பச் சொன்னால் திரும்புகிறார்கள், நிற்கச் சொன்னால் நிற்கிறார்கள்.

என் அக்கா மகனும் அப்படித்தான் ஓட்டுகிறான். கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறான். “2020லயே அனுமதி குடுத்துட்டாங்க மாமா.” மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் வந்த திருத்தம் அது. ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி, வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். தண்டனை இல்லை என்பதாலேயே ஒரு பழக்கம் நல்லதாகிவிடாது.

இதன் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஊருக்குப் புதியவருக்கும் தமிழ் தெரியாதவருக்கும் இது பெரிய துணை. இரவில் தனியே வரும் பெண், முன்பின் தெரியாதவரிடம் நின்று வழி கேட்காமல் வீடு சேர முடிகிறது. அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். கண் திரைக்குப் போகும் ஆபத்தைப் பலரும் பேசுகிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது இரண்டு விநாடி குனிந்து பார்த்தால் எட்டு மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்போம். உண்மைதான். ஆனால் குரல்வழி சொல்லும் வசதி அதை ஓரளவு தீர்த்துவிடும். என் மனத்தாங்கல் வேறு.

சைக்கிளில் போகிறவனுக்கு வழி என்பது வெறும் தூரமல்ல, காற்றும் மேடும் நிழலும் சேர்ந்ததே வழி. திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அறிந்த மொழி நம்முடையது: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த நான்கும் கருவடிக்குப்பத்தில் மிதிப்பவனின் முழங்காலுக்குத் தெரியும். மார்கழியில் கோட்டக்குப்பம் பக்கம் போனால் வாடை நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தாங்கிக் கொண்டுவந்து விடும். ஆனி, ஆடிக் காலைகளில் மேற்கே லாஸ்பேட்டைக்கு ஏறினால் செம்மண் மேடும் கோடையும் சேர்ந்து எதிர்க்கும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் அதே மேடு பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். மழை பெய்த மறுநாள் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவில் எந்த வேளையில் நாய்கள் துரத்தும், வெயில் ஏறிய பின் எந்த ஓரத்தில் மரநிழல் விழும் என்பதெல்லாம் இந்த அறிவின் பகுதிதான்.

நீலக்கோட்டுக்கு இவை தெரியாது. இந்தியாவில் கூகுள் மேப்பின் இருசக்கர வாகன வழி 2017 டிசம்பரில் வந்தது. அது பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் செய்தது. அதை நம்பி மிதிப்பவனுக்குக் கிடைப்பது மோட்டார்க்காரனின் வழி, பேருந்தும் லாரியும் உரசிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இரண்டு நிமிடம் கூடுதலாகும் உள்தெருவை அது பின்னால் தள்ளிவிடும். காலில் வலுவும் மனத்தில் அமைதியும் மிச்சமாவது அந்த உள்தெருவில்தான்.

“அதையும் சீக்கிரம் சேர்த்துருவாங்க” என்கிறான் மருமகன். சேர்க்கலாம். அமெரிக்காவில் 2010 மார்ச்சில் சைக்கிளுக்கென்றே கூகுள் வழி தந்தபோது, செங்குத்து மேடுகளைத் தவிர்க்கவும் அது முயன்றது. நாளை காற்றையும் நிழலையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது என் வருத்தம் கூடத்தான் செய்யும். எல்லாவற்றையும் அது சொல்லிவிட்டால் நாம் கற்றுக்கொள்வதற்கு என்ன மிஞ்சும்?

இது வெறும் கிழவன் புலம்பல் அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 பேர் சோஹோ பகுதித் தெருக்களின் காட்சிகளில் வழி கண்டுபிடித்தார்கள். தாமே வழி தேடியபோது அவர்களுடைய மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி புதிய தெரு வரும்போதெல்லாம் விழித்துக்கொண்டது; கருவி சொன்னபடி போனபோது அந்த விழிப்பு இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டு இடைவெளியில் 13 பேரை மறுபடி சோதித்தார்கள். ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு அதிகம் தேய்ந்திருந்தது. பதின்மூன்று பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று சொல்வார்கள். சரி. ஆனால் பதினான்காவது ஆள் என் வீட்டிலேயே இருக்கிறான்.

மூன்று மாதமாக இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறான். சித்திரை வெயிலில் ஒருநாள், கோட்டக்குப்பத்தில் கைபேசி சூடேறி அணைந்துவிட்டது. 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோனுக்குச் சொல்கிறது. நம் சித்திரைக்கு அது எம்மாத்திரம்? நிற்கும் இடத்திலிருந்து கடல் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தினமும் கடலை ஒட்டிய சாலையில் போய்வருகிற பையன்! கடற்காற்று கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வலக் கன்னத்தில் பட்டால் வடக்கே பார்த்து நிற்கிறோம் என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம்.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். எங்கள் கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயிலருகே இருந்த, குயில் தோப்பு எனப்படும் மாந்தோப்புதான் ‘குயில் பாட்டு’க்குப் பிறப்பிடம். அந்தக் கோயில் வாசலை ஒட்டியே பையன் தினமும் மிதித்துப் போயிருக்கிறான். குயில் தோப்பு எங்கே என்று கேட்டேன். “லொகேஷன் அனுப்புங்க மாமா” என்றான்.

அன்று அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். வீட்டிலேயே மேப்பைப் பார், நாலு அடையாளத்தை மனத்தில் வாங்கு, பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிடு. தப்பாகத் திரும்பினால் திரும்பி வா. எனக்குத் தெரிந்த தெருக்களில் பாதி நான் தப்பாகத் திரும்பிக் கற்றவை. அவசரத்துக்குக் கைபேசி பையில் இருக்கவே இருக்கிறது. இரவானால் தாராளமாக மாட்டிக்கொள்.

இந்த ஞாயிறு விடியலில் இருவரும் கோட்டக்குப்பம் வரை போகிறோம். அவன் முன்னால் போவான். எந்தச் சந்தில் நுழைந்தாலும் நான் வாய் திறக்காமல் பின்னால் வருவேன்.