என் கதைக்குள் வாழும் மற்றவர்கள்

சொந்த வாழ்க்கையை வலைப்பதிவில் எழுதுவது பற்றிய விவாதம் எப்போதும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: உன்னைப் பற்றி ஊருக்கு இவ்வளவு சொல்ல வேண்டுமா? எழுதுகிறவர் தன்னைப் பற்றி எதையும் சொல்லலாம். அது அவர் உரிமை. அந்தப் பதிவில் வந்துபோகும் கணவர், குழந்தை, மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் சம்மதித்தார்களா என்ற கேள்வியைத்தான் நாம் போதுமான அளவு கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளை அங்கிருந்து எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கரான ஹெதர் ஆம்ஸ்ட்ராங்கின் அனுபவத்தில் இரண்டு பக்கங்களும் தெரிகின்றன. 2001இல் 'டூஸ்' என்ற வலைப்பதிவைத் தொடங்கிய அவர், தன் அலுவலகத்தையும் உடன் வேலை பார்த்தவர்களையும் கிண்டலடித்து எழுதினார். மறு ஆண்டே வேலை போனது. 2004இல் முதல் குழந்தை பிறந்த பிறகு கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகி, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். அதையும் மறைக்காமல் எழுதினார். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழும் பெண்ணிடம், "இந்த நேரத்தில் யாராவது அழுவார்களா?" என்று அதட்டும் வீடுகள் எங்கும் உண்டு. அப்படி அடங்கிப்போன பெண்களுக்கு, இது நோய்தான், இதற்கு மருத்துவம் உண்டு என்று இன்னொரு தாய் தன் பெயரோடு சொன்னது பெரிய துணை. மருத்துவக் கையேடுகளால் இந்தத் துணையைத் தர முடியாது. தனிப்பதிவின் தலையாய பலம் இதுவே.

தமிழிலும் இந்தப் பலத்தைக் கண்டிருக்கிறோம். 2000களின் நடுவில் 'தமிழ்மணம்' என்ற வலைப்பதிவுத் திரட்டியில் தினமும் புதிய பதிவுகள் வரிசைகட்டிய காலத்தில், பத்திரிகை வாசலையே மிதிக்காதவர்கள் ஆசிரியர் தயவில்லாமல் எழுத்தாளர் ஆனார்கள். பலர் புனைபெயரில் எழுதினார்கள். சாதி, மணமுறிவு, கடவுள் மறுப்பு என்று வீட்டில் வாய்திறக்க முடியாதவற்றைப் பேச அந்தப் பெயர்தான் இடம் கொடுத்தது.

குறை எங்கே தொடங்குகிறது? வாழ்க்கை வருமானமாகும் இடத்தில். விளம்பரம் வந்ததும் ஆம்ஸ்ட்ராங்கின் பதிவே குடும்பத்துக்குச் சோறு போட்டது. வாசகர்கள் விரும்பியது குழந்தை வளர்ப்புக் கதைகளை; விளம்பரதாரர்கள் விரும்பியதும் அதையே. பிள்ளைகளை வைத்து விளம்பரப் பதிவு எழுத வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2015இல் அவர் சில காலம் ஒதுங்கினார். 2023இல் 47 வயதில் மறைந்தார். தாயின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் தொட்டிலில் கிடந்தபோதே பலர் அறிந்த பாத்திரமாகிவிட்ட பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குப் பதில் சொல்லும் வயதில்லை.

புனைபெயர் முழுப் பாதுகாப்பு தருமா? தராது. இங்கிலாந்தின் லங்காஷயர் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த ரிச்சர்ட் ஹார்ட்டன், 'நைட்ஜாக்' என்ற பெயரில் காவல் பணியின் உள்நிலவரத்தை எழுதினார். 2009 ஏப்ரலில் அதற்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது. ஜூனில் 'தி டைம்ஸ்' நாளிதழ் அவர் யார் என்பதை வெளியிட்டது. வலைப்பதிவு எழுதுவது அடிப்படையில் பொதுவெளிச் செயல் என்று சொல்லி, வெளியீட்டைத் தடுக்க லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்திருந்தது. செய்தியாளர் அவருடைய மின்னஞ்சலுக்குள் அத்துமீறி நுழைந்திருந்தார் என்பது 2012இல்தான் அம்பலமானது; நாளிதழ் 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. பணம் வந்தது, மறைவு திரும்ப வரவில்லை.

அத்துமீறல் இல்லாமலேகூட ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பதிவில் தெருமுனை அம்மன் கோயில் தீமிதி, இன்னொன்றில் மகளின் பள்ளிச் சீருடை, மற்றொன்றில் அலுவலகத்துக்கு ஏறும் பேருந்தின் எண். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் இரகசியமில்லை. மூன்றையும் சேர்த்தால் வீட்டுக்கே வழி தெரிந்துவிடும். அழித்துவிட்டோம் என்று நிம்மதியடையவும் முடியாது. திரைப்பிடிப்பும் இணையக் காப்பகப் படிகளும் பிழைத்திருக்கும்.

சட்டமும் ஓரளவுக்கு மேல் உதவாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வைத்த தம் தகவலுக்குப் பொருந்தாது. சட்டமே அதற்குத் தரும் எடுத்துக்காட்டு, வலைப்பதிவில் தன் கருத்துகளை எழுதும்போது தன் தகவலை வெளியிடும் ஒரு பெண்.

இதற்கெல்லாம் பயந்து பலர் இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். வேலை தருபவர் பெயரைத் தட்டித் தேடுவார் என்று, வெற்றியும் விருதும் சுற்றுலாவும் மட்டுமே காட்டுகிறார்கள். இது பாதுகாப்பானதுதான். ஆனால் தோல்வியையும் நோயையும் பற்றி யாரும் எழுதாத இணையத்தில், துன்பப்படுபவர் தனக்கு மட்டுமே இப்படி என்று நம்பிக்கொள்வார். பிம்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று இந்தப் பழக்கத்தின் பெரும் பயனைத் தொலைத்துவிடக் கூடாது.

ஆகவே உண்மையை எழுதுங்கள். உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். உங்கள் நோய் உங்களுடையது, அதைக் கவனித்துக்கொண்டவரின் எரிச்சல் அவருடையது. உங்கள் தாய்மை உங்களுடையது, மகள் படுக்கையை நனைத்த கதை அவளுடையது. சம்பந்தப்பட்டவரிடம் படித்துக்காட்டத் தயங்கும் வரியை வெளியிடாதீர்கள். கோபத்தில் எழுதியதைச் சில நாள் ஆறவிடுங்கள். இவ்வளவு கட்டுப்பாட்டோடும் துணிந்து எழுத நிறைய இருக்கிறது. அப்படி எழுதுகிறவர்கள் பெருக வேண்டும்.